ரீபை காசு இல்லாம புதுக் கப்பல் ஏறாதீங்க



போன தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தப்ப, உத்தமபாளையம் சித்தி வீட்டு மாடியில சித்தி பையன் லேப்டாப்போட உட்கார்ந்திருந்தான். பெங்களூர்ல வேலை. வயசு 26. கைக்கு வர்ற சம்பளம் 62,000 ரூபாய். ஸ்கிரீன்ல எலைட் டேஞ்சரஸ் ஓடிக்கிட்டிருந்துச்சு. நானும் சில வருஷமா விளையாடுற கேம்தான், அதனால பக்கத்துல போய் உட்கார்ந்தேன்.

"அண்ணே, கையில 12 லட்சம் கிரெடிட் இருக்கு. டைப் 6 வாங்கலாமா?"

நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள அவனே பதிலும் சொல்லிட்டான். "வேணாம்ணே. கப்பலே 10 லட்சத்து 45 ஆயிரம். உள்ள பூட்டுற சாமான், ஏத்துற சரக்கு வேற. ரீபைக்கு ஒண்ணும் மிஞ்சாது. இன்னும் ரெண்டு நாள் கோப்ராலயே ஓட்டுறேன்."

சந்தோஷமா இருந்துச்சு. அரை மணி நேரம் கழிச்சு போன்ல ஒரு கார் கொட்டேஷனைக் காட்டினான். எக்ஸ் ஷோரூம் விலை 10 லட்சம். "அண்ணே, முழு விலைக்கும் லோன் தர்றாங்க. ஏழு வருஷம். மாசம் 16,000 தான். சம்பளத்துல கால்வாசிதானே, எடுத்துடலாம்ல?"

அதே ஆள், அதே மாடி. கப்பலுக்கு ரீபை கணக்குப் போட்டவன் காருக்குப் போடல. இன்னைக்கு இந்தப் பதிவு அதைப் பத்தித்தான். ஒரு கேம்ல புதுசா வர்றவன் முதல் வாரத்துலயே கத்துக்கிற பாடத்தை, சம்பளம் வாங்கற நாம பத்து வருஷம் ஆனாலும் கத்துக்கிறதில்லை.

கேம் தெரியாதவங்களுக்கு

எலைட் டேஞ்சரஸ் 2014 டிசம்பர்ல வந்த விண்வெளி கேம். இதோட மூதாதை 'எலைட்', 1984ல டேவிட் பிரேபனும் இயன் பெல்லும் சேர்ந்து எழுதினது. ஆரம்பத்துல உங்களுக்கு சைட்விண்டர்னு ஒரு சின்னக் கப்பல் இலவசமா கிடைக்கும். சரக்கு ஏத்தி வித்தோ, கொள்ளைக்காரனைப் பிடிச்சோ, தெரியாத நட்சத்திரங்களை ஆராய்ஞ்சோ கிரெடிட் சம்பாதிக்கலாம். அதை வச்சு அடுத்த கப்பல், அதுக்கு அடுத்ததுன்னு போகலாம். கோப்ரா எம்.கே. 3 விலை 3,49,718 கிரெடிட். டைப் 7 சரக்குக் கப்பல் 1 கோடியே 74 லட்சம். எல்லாரும் கனவு காணுற அனகோண்டா 14 கோடியே 69 லட்சம்.

கப்பல் வெடிச்சா என்ன ஆகும்? கப்பல் விலையும் உள்ள பூட்டியிருக்கிற சாமான் விலையும் சேர்த்து, அதுல 5 சதவீதம் கட்டினா அதே கப்பல் திரும்பக் கிடைக்கும். அதுக்குப் பேர்தான் ரீபை. கையில அந்தக் காசு இல்லைன்னா சின்ன அளவுக்கு ஒரு கடன் தருவாங்க. அதுவும் பத்தலைன்னா கப்பல் போச்சு, திரும்ப இலவச சைட்விண்டர்தான். அதனாலதான் பழைய பைலட் எல்லாரும் புதுசா வர்றவங்ககிட்ட ஒரே விஷயத்தைச் சொல்லுவாங்க: ரீபை கட்டக் காசு இல்லாத கப்பலை ஓட்டாதே.

நான் கேட்கல. டைப் 7 வாங்கற காசு சேர்ந்த அன்னைக்கே வாங்கினேன். மிச்சக் காசுக்கு நல்ல சாமானாப் பூட்டி, அதுக்கும் மேல இருந்ததைப் போட்டு சரக்கு ஏத்தினேன். ரீபை கிட்டத்தட்ட 10 லட்சம். கையில ஒரு லட்சம்கூட இல்லை. மூணாவது நடையிலேயே ஒரு கொள்ளைக்காரன் வழிமறிச்சான். ஏத்தின சரக்குக்கு இன்ஷூரன்ஸ் கிடையாதுங்கிறதையும் அன்னைக்குத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். ரெண்டு மாச உழைப்பு ரெண்டு நிமிஷத்துல போச்சு. தொழில்ல நான் சி.ஏ.ன்னு அன்னைக்கு யார்கிட்டயும் சொல்லிக்கல.

பேங்க் கேட்கிற கேள்வி வேற, கேம் கேட்கிற கேள்வி வேற

"ஈ.எம்.ஐ. எல்லாம் சேர்த்து சம்பளத்துல 40 சதவீதத்துக்குள்ள இருந்தா ஓகே"ன்னு ஒரு கணக்கு நாட்டுல ஓடுது. இது தப்புன்னு நான் சொல்லல. ஆனா இது உங்களுக்கான கணக்கு இல்லை, கடன் கொடுக்கிறவருக்கான கணக்கு. எல்லாம் ஒழுங்கா நடந்தா இவரால கட்ட முடியுமா? பேங்க் கேட்கிறது அவ்வளவுதான். கேம் கேட்கிறது இன்னொண்ணு: ஏதாவது தப்பா நடந்தா உன்னால எழுந்து நிக்க முடியுமா?

தம்பி காட்டின காருக்கே அந்த ரெண்டாவது கேள்வியைக் கேட்டுப் பார்ப்போம். 10 லட்சம் லோன், வட்டி 9 சதவீதம்னு வச்சுக்குவோம், ஏழு வருஷம். மாசத் தவணை 16,089 ரூபாய். மூணு வருஷத்துல கட்டியிருக்கிறது 5,79,204. அப்பவும் பாக்கி நிக்கிறது சுமார் 6,46,500 ரூபாய். ஆரம்ப வருஷங்கள்ல தவணையில கணிசமான பங்கு வட்டிக்குப் போறதுதான் காரணம்.

இப்ப இன்னொரு பக்கம் பாருங்க. கார் இன்ஷூரன்ஸ்ல ஐ.டி.வி.ன்னு ஒண்ணு இருக்கு. வண்டி முழுசா போச்சுன்னா கம்பெனி தர்ற அதிகபட்சத் தொகை அதுதான். எக்ஸ் ஷோரூம் விலையிலிருந்து வயசுக்கு ஏத்த கழிவைக் கழிச்சு வர்றது. வழக்கமான அட்டவணைப்படி ஒரு வருஷத்துல இருந்து ரெண்டு வருஷம் வரைக்கும் 20 சதவீதம், ரெண்டுல இருந்து மூணு வரைக்கும் 30, மூணு தாண்டினா 40, நாலு தாண்டினா 50. நீங்க கட்டின ரோடு டாக்ஸ் இந்தக் கணக்குல வராது. பழுது பார்க்கிற செலவு ஐ.டி.வி.யில 75 சதவீதத்தைத் தாண்டினா, வண்டி ஓடுற மாதிரி தெரிஞ்சாலும் டோட்டல் லாஸ் கணக்குதான்.

ஆக, மூணு வருஷம் தாண்டின இந்த 10 லட்சம் காருக்கு ஐ.டி.வி. 6 லட்சம். பாக்கி கடன் 6,46,500. வண்டி போன அன்னைக்கு இன்ஷூரன்ஸ் பணம் முழுசும் பேங்குக்குப் போகும். அதுக்கு மேல நீங்க கையிலிருந்து 46,500 ரூபாய் கட்டணும். கட்டாயப் பிடித்தம் ஆயிரமோ ரெண்டாயிரமோ தனி. அஞ்சே முக்கால் லட்சம் தவணை கட்டினவன் கையில காரும் இல்லை, காசும் இல்லை, கடைசியா ஒரு பாக்கி மட்டும் இருக்கு. கேம்லயாவது சைட்விண்டர் இலவசமா தருவாங்க.

இது வெறும் பேப்பர் கணக்கு இல்லை. என்கிட்ட ரிட்டர்ன் ஃபைல் பண்ற ஒருத்தருக்கு இதேதான் நடந்துச்சு. அடையாளம் தெரியக் கூடாதுங்கிறதால விவரத்தை மாத்திச் சொல்றேன். மழை நாள்ல குமுளி மலைப் பாதையில வண்டி மேல மரம் விழுந்துச்சு. உள்ள இருந்த யாருக்கும் ஒண்ணும் ஆகல, அது பெரிய புண்ணியம். இன்ஷூரன்ஸ் கம்பெனி சேர வேண்டியதைக் கொடுத்தாங்க. பேங்க் கேட்க வேண்டியதைத்தான் கேட்டாங்க. யாரும் ஏமாத்தல. ஆனா மிச்ச பாக்கியைக் கட்ட அவங்க அம்மா வளையல் அடகுக்குப் போச்சு. "சார், நான் ஒரு தவணைகூட தவறவிடலையே"ன்னு என் ஆபீஸ்ல உட்கார்ந்து கேட்டார். உண்மைதான். ஒரு தவணைகூட தவறவிடல. ரீபையை மட்டும் யோசிக்கல.

முதல்ல சாமான், அப்புறம் கப்பல்

அப்ப எதையுமே வாங்கக் கூடாதா? இல்லை. சைட்விண்டர்லயே ரெண்டு வருஷம் உட்கார்ந்திருக்கிறதும் தப்புதான். அதுல பெரிசா சம்பாதிக்க முடியாது, சரக்கு ஏத்த இடமில்லை. மேம்படுத்தணும். எதை முதல்லங்கிறதுதான் கேள்வி.

கேம்ல ஒவ்வொரு சாமானும் ஈ-யில தொடங்கி ஏ வரைக்கும் அஞ்சு ரகம். ஏ ரகம் திறன் அதிகம், விலையும் அதிகம். டி ரகம் எடை குறைவு. அனுபவப்பட்டவங்க சொல்ற வரிசை இதுதான்: முதல்ல ஃப்ரேம் ஷிஃப்ட் டிரைவை ஏ ரகத்துக்கு மாத்து. ஒரு நட்சத்திரத்துல இருந்து இன்னொண்ணுக்குத் தாவ வைக்கிறது அதுதான். தாவுற தூரம் கூடினா நல்ல விலை கிடைக்கிற இடத்துக்கு நீ போகலாம். சென்சார், லைஃப் சப்போர்ட் மாதிரி சாமானுக்கு டி ரகமே போதும். இன்னொரு விஷயம், கப்பலை வித்தா அதோட விலையில பத்துல ஒரு பங்கு போயிடும். சாமானைத் தனியா கழட்டி வித்தா போட்ட விலை திரும்ப வரும். அதனால அடிக்கடி கப்பல் மாத்துறவன் நஷ்டப்படுவான். இருக்கிற கப்பலுக்கு நல்ல சாமான் பூட்டுறவனுக்குப் பெரிசா எதுவும் போகாது.

எங்க பள்ளத்தாக்குல இதை யாரும் கம்ப்யூட்டர்ல கத்துக்கல. விடியற்காலை போடி, தேவாரம், கம்பம் பக்கமிருந்து ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏத்திக்கிட்டு மலை ஏறுற ஜீப் டிரைவர் யாரையாவது கேட்டுப் பாருங்க. போடிமெட்டுக்கு மட்டும் 17 கொண்டை ஊசி வளைவு. கையில கொஞ்சம் காசு சேர்ந்தா அவர் புது ஜீப் பத்தி யோசிக்கிறதுக்கு முன்னாடி டயர், பிரேக், ஹெட்லைட்டைப் பார்ப்பார். மலை ஏறி இறங்கினாத்தான் கூலி வரும்னு அவருக்குத் தெரியும்.

சம்பளக்காரனோட ஃப்ரேம் ஷிஃப்ட் டிரைவ் எது? அடுத்த வேலைக்கு உங்களைத் தாவ வைக்கிற எதுவும். ஒரு சர்டிஃபிகேஷன், நல்ல லேப்டாப், இங்கிலீஷ்ல தயங்காம பேசுற பழக்கம், முதுகு வலிக்காத ஒரு நாற்காலி. இதுல படிப்பும் பழக்கமும் அடுத்த கம்பெனிக்குப் போனாலும் உங்ககூடவே வரும். கார் ஷோரூமை விட்டு வெளிய வந்த நிமிஷத்துல இருந்து விலை இறங்கும்.

இறங்க இடம் இருக்கான்னு பாருங்க

புதுசா வர்றவங்க டைப் 7ல ஏமாறுற இன்னொரு இடம், அதுக்குப் பெரிய லேண்டிங் பேடு வேணும். அவுட்போஸ்ட்னு சொல்ற சின்ன நிலையங்கள்ல பெரிய பேடு கிடையாது. விலை கொடுத்து வாங்கின கப்பலை இறக்கவே முடியாம திரும்பி வரணும். அதைவிட விலை கூடின பைத்தான், நடுத்தர பேடுலயே இறங்கும். அதுக்காகவே அதை விரும்பி வாங்கறவங்க உண்டு.

தம்பிகிட்ட கேட்டேன். "பெங்களூர்ல நீ இருக்கிறது பி.ஜி. அங்க காரை எங்கடா நிறுத்துவ?" யோசிச்சான். "ரோட்டுலதாண்ணே." "இங்க?" சித்தி வீட்டுத் தெருவுல ரெண்டு பைக் எதிரெதிரா வந்தாலே ஒண்ணு ஒதுங்கணும். ஊருக்கு வர்றது மாசம் ஒருமுறை, அதுவும் ராத்திரி பஸ்ல. நம்மள்ல நிறைய பேர் வாங்கறது தினசரி தேவைக்கான வண்டி இல்லை, வருஷத்துல பத்து நாள் தேவைக்கான வண்டி. அந்தப் பத்து நாளுக்கு வாடகைக் கார் எடுத்தா என்ன ஆகும்னு ஒரு தடவை கூட்டிப் பாருங்க.

விலையிலயும் ஒரு படிக்கட்டு இருக்கு, கவனிங்க. தமிழ்நாட்டுல 2023 நவம்பரிலிருந்து 5 முதல் 10 லட்சம் வரையுள்ள காருக்கு ரோடு டாக்ஸ் 13 சதவீதம், 10 லட்சத்தைத் தாண்டினா 18. 9 லட்சத்து 80 ஆயிரம் காருக்கு வரி 1,27,400. "ஐம்பதாயிரம்தான் சார் வித்தியாசம், மேல் மாடல் எடுங்க"ன்னு சொல்ற 10 லட்சத்து 30 ஆயிரம் காருக்கு வரி 1,85,400. ஐம்பதாயிரம் கூடுதல் விலைக்கு 58,000 கூடுதல் வரி. இது இன்ஷூரன்ஸ்லயும் திரும்ப வராது.

உச்ச விலையை வச்சு கணக்குப் போடாதீங்க

"போனஸ் வரும்ணே, ஹைக் வரும்ணே"ன்னு தம்பி சொன்னான். கம்பம், போடி பக்கத்துல வளர்ந்தவனுக்கு இதுக்குப் பதில் வீட்டுக்குள்ளயே இருக்கு. 2019 ஆகஸ்ட்ல ஏலக்காய் ஏலத்துல அதிகபட்ச விலை கிலோ 7,000 ரூபாயைத் தொட்டுச்சு. 2022ல சராசரி விலை ஆயிரத்துக்கும் கீழ போச்சு. அதே செடி, அதே மலை, அதே உழைப்பு. உச்ச விலையை நிரந்தரம்னு நம்பி கடன் வாங்கினவங்களுக்கு 2022 எப்படி இருந்திருக்கும்னு நான் விளக்க வேண்டியதில்லை.

உங்க வேரியபிள் பேயும் ஏலக்காய் மாதிரிதான். வந்தா ரீபை நிதிக்கோ முன்பணத்துக்கோ போடுங்க. வராத போனஸை நம்பி தவணை கட்டாதீங்க. கேம்லயும் விற்காத ஆய்வுத் தகவலோட கப்பல் வெடிச்சா அந்தத் தகவல் மொத்தமா போயிடும். கைக்கு வர்ற வரைக்கும் அது காசு இல்லை.

நம்ம ரீபைக் கணக்கு

கேம்ல ஒரே வரி: 5 சதவீதம். நமக்கு அவ்வளவு சுலபமா இல்லை, ஆனா மூணு எண் எழுதினாப் போதும்.

ஒண்ணு, கடன் பாக்கியிலிருந்து ஐ.டி.வி.யைக் கழிங்க. வாங்கின பிறகு ஒவ்வொரு வருஷ முடிவுக்கும் போடுங்க. எந்த வருஷத்துலயாவது கடன் அதிகமா இருந்தா, அந்த வித்தியாசம் உங்க கையில தனியா இருக்கணும். இல்லைன்னா முன்பணத்தைக் கூட்டுங்க, வருஷத்தைக் குறைங்க, இல்லை சின்ன வண்டி பாருங்க.

ரெண்டு, வேலை போனா ஆறு மாசம் ஓட்டற செலவு. இதுல புது தவணையையும் சேர்த்துக்கணும். பழைய அவசர நிதி பழைய கப்பலுக்குப் போட்டது. கப்பல் பெரிசானா ரீபையும் பெரிசாகும்.

மூணு, கப்பலை ஓட்டுற ஆளுக்கான காப்பு. அதாவது நீங்க. உங்களை நம்பி வீட்டுல யாராவது இருந்தா டேர்ம் இன்ஷூரன்ஸ், அப்புறம் உங்க பேர்லயே ஒரு மெடிக்கல் பாலிசி. கம்பெனி தர்ற மெடிக்கல் கவர் வேலையோட வருது, பெரும்பாலும் வேலையோடவே போயிடும். வேலை போன மாசத்துல உடம்பும் படுத்தா என்ன செய்வீங்க?

இந்த மூணும் சரியா இருந்தா தாராளமா அடுத்த கப்பல் ஏறுங்க. நான் கை தட்டுவேன்.

"வயசு இருக்கும்போது அனுபவிக்காம எப்ப அனுபவிக்கிறது?"ன்னு கேட்பீங்க. நியாயமான கேள்வி, நானும் கேட்டிருக்கேன். ஆனா அனுபவிக்கிறதுன்னா என்ன? ரீபை இருக்கிற கோப்ராவை எங்க வேணா எடுத்துட்டுப் போகலாம், சண்டை போடலாம், தெரியாத பக்கம் தாவலாம். ரீபை இல்லாத டைப் 7ல நான் ஓட்டின மூணு நடையும் பயந்துக்கிட்டே ஓட்டினது. மேனேஜர் கத்தினா வேலையை விட முடியாம, நல்ல ஆஃபர் வந்தா நோட்டீஸ் பீரியட் சம்பளம் போயிடுமோன்னு தயங்கி, ஏழு வருஷம் ஒரே நாற்காலியில உட்கார வைக்கிற கார் எந்த ஊருக்குக் கூட்டிட்டுப் போனாலும் அது சுதந்திரம் இல்லை.

தம்பிக்குக் கடைசியா ஒரு கணக்குப் போட்டுக் காட்டினேன். 6 லட்சம் கார், ஒன்றரை லட்சம் முன்பணம், நாலு வருஷம், அதே 9 சதவீதம். தவணை 11,198. மூணு வருஷம் தாண்டி வண்டி போனாலும் ஐ.டி.வி. 3,60,000, பாக்கி 1,28,000. கடன் போக கையில 2,32,000. முதல் திட்டத்தைவிட மாசம் மிச்சமாகுற 4,891 ரூபாயைத் தனியா வச்சிருந்தா அதுவே 1,76,000. முன்பணத்தைக் கழிச்சுப் பார்த்தாக்கூட இரண்டரை லட்சத்துக்கு மேல மிச்சம். அங்க 46,500 பாக்கி, இங்க இரண்டரை லட்சம் கையில.

அவன் கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம், "இப்போதைக்கு பைக்குக்கு ரெண்டு டயரும் மாத்திட்டு, அந்த கிளவுட் சர்டிஃபிகேஷனை முடிக்கிறேண்ணே. காரை அடுத்த தீபாவளிக்குப் பேசுவோம்"னான். சித்திக்கு மட்டும் கொஞ்சம் வருத்தம். காருக்குப் பூஜை போட கோயில்ல சொல்லி வச்சிருந்தாங்களாம்.

நீங்க ஏற்கனவே ஒரு வண்டிக்குத் தவணை கட்டிட்டிருந்தா பதற வேண்டாம். இன்னைக்கு ராத்திரி லோன் ஸ்டேட்மென்ட்டுல பாக்கியைப் பாருங்க, பாலிசி பேப்பர்ல ஐ.டி.வி.யைப் பாருங்க, ரெண்டையும் ஒரு தாள்ல பக்கத்துல பக்கத்துல எழுதுங்க. பாக்கி பெரிசா இருந்தா, அடுத்து கைக்கு வர்ற எந்த உபரிப் பணமும் முதல்ல அந்தப் பள்ளத்தை மூடத்தான். இந்தக் கணக்கை எக்செல்ல எப்படிப் போடறதுன்னு அடுத்த வீடியோல காட்டறேன். அதுவரைக்கும் பத்திரமா ஓட்டுங்க.